மருந்து கலந்த முட்டை

சென்னையில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவு. ‘ஹாட் லேப்’ என்று அவர்கள் சொல்லும் சின்ன அறையில், ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று டெக்னாலஜிஸ்ட் அன்றைய மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். ஜெனரேட்டருக்குள் மாலிப்டினம்-99 சிதையச் சிதைய டெக்னீசியம்-99எம் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்புநீரைச் செலுத்தி அதைப் பிரித்தெடுக்கிறார்கள். துறைக்குள் இதற்குப் ‘பால் கறப்பது’ என்றே பெயர்.

அடுத்தது சமையல். சல்ஃபர் கொலாய்டில் ஏற்றிய டெக்னீசியத்தை முட்டையின் வெள்ளைக்கருவில் கலந்து, கெட்டியாகும்வரை வேகவைத்தார்.

“வெந்த முட்டை மேல தெளிச்சாப் போதாதா?” என்றேன்.

“போதாது சார். தண்ணி குடிச்சதும் மருந்து மட்டும் தனியா இறங்கிடும். முட்டையோட சேர்ந்து வெந்தாத்தான் முட்டை போற இடத்துக்கெல்லாம் அதுவும் போகும்.” முட்டை சாப்பிடாதவர்களுக்கு இட்லி மாவில் கலந்து அவிப்பதும் உண்டு.

வெறும் வயிற்றோடு வந்திருந்த பெரியவருக்குப் பல வருடச் சர்க்கரை நோய். இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பி, குமட்டுகிறது. எண்டோஸ்கோப்பியில் புண்ணோ அடைப்போ இல்லை. முட்டையையும் ஜாம் தடவிய ரொட்டியையும் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டு காமா கேமராவின் முன் நின்றார். எக்ஸ்ரேயில் கதிர் கருவியிலிருந்து வரும். இங்கே கருவி வெறும் கண்தான். கதிர் வருவது சாப்பிட்டவர் வயிற்றிலிருந்து.

சாப்பிட்ட உடனே ஒரு படம். பிறகு 1, 2, 4 மணி நேரத்தில். ஒவ்வொரு படத்திலும் இரைப்பையைச் சுற்றி மவுஸால் கோடு போட்டுக் கதிர் எண்ணிக்கையை எடுக்கிறார் டெக்னாலஜிஸ்ட். குடலைச் சேர்த்து வரைந்தால் கணக்கே தப்பு. 4 மணி நேரத்துக்குப் பிறகும் உணவில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கினால் இரைப்பை மந்தம். பெரியவருக்கு அதைவிட அதிகமாகவே தங்கியிருந்தது.

இந்தத் தடமறியும் முறைக்கு வழிவகுத்தவர் ஜார்ஜ் டி ஹெவெசி. மான்செஸ்டரில் தங்கியிருந்த விடுதியில் மிச்ச உணவே மறுபடி பரிமாறப்படுகிறது என்று சந்தேகப்பட்டு, அதில் கதிரியக்கப் பொருளைக் கலந்து கண்டுபிடித்தார் என்பார்கள். 1943க்கான வேதியியல் நோபல் அவருக்குக் கிடைத்தது.

பக்கத்து அறையில் பெட் ஸ்கேன். அங்கே கொடுப்பது ஃபுளோரின்-18 ஏற்றிய சர்க்கரை. செல் அதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுக்கும். முதல் படியைத் தாண்டிச் செரிக்க முடியாமல் அங்கேயே சிக்கும். சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடம் படத்தில் தூக்கலாகத் தெரியும். ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம்தான். மருந்து வரும் வண்டி போக்குவரத்தில் மாட்டினால் நோயாளிகளின் வரிசையே குலையும்.

மருத்துவர் கையெழுத்திடும் அறிக்கை, இந்த டெக்னாலஜிஸ்டுகளின் கை நிதானத்தை நம்பித்தான் இருக்கிறது. அவர்கள் சட்டையில் குத்தியிருக்கும் டிஎல்டி பட்டை வாங்கிய கதிரைக் கணக்கு வைக்கிறது. ஆண்டுக்கு 30 மில்லிசீவர்ட் உச்சவரம்பு.

நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளே, சாப்பிட்டது இறங்காமல் தொல்லை தந்தால் கேஸ் மாத்திரையோடு நாளை ஓட்டாதீர்கள். இந்த முட்டைச் சோதனை தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.