சவளக்கடையும் சேற்றில் எழுந்த ஒரு கழகமும்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் சென்று கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால், சவளக்கடையின் வயல்வெளி கண்ணுக்கு விருந்தாகிறது. மாரி பெருகினால் தாம்போதியின் மேல் வெள்ளம் பாயும், போக்குவரத்துத் தடைப்படும். தமிழரும் முஸ்லிம்களும் அண்டை அயலாய் வாழும் இப்பகுதியில் மழையும் சேறும் யாவர்க்கும் பொது. ஈரத் தரையில் ஆடக் கற்றே உயர்ந்த ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறு இவ்வூர் இளைஞர்க்குப் பொருத்தமானது.

அது, 1891ஆம் ஆண்டு கல்கத்தாவில் தோன்றிய முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம். கல்கத்தா லீக்கின் இரண்டாம் பிரிவில் பல ஆண்டுகள் உழன்ற அக்கழகம், 1933இல் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. மறு ஆண்டே லீக் பட்டத்தை வென்றது. அதற்கு முன் இந்தியக் கழகம் எதுவும் அதனை வென்றதில்லை. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அதுவே வாகை சூடியது.

இது மாயமன்று. வெறுங்காலுடன் ஆடுவதே அக்கால இந்தியர் வழக்கம். மழை நாளில், காலணி அணிந்த ஆங்கிலேயப் படை அணிகளுக்கு எதிரே அவர்கள் வழுக்கித் தடுமாறினர். முகம்மதன் வீரரோ ஈரத் தரையில் காலணி பூண்டனர். பெங்களூர் போன்ற தொலைவூர்களிலிருந்தும் திறமையாளரைக் கழகம் தேடிச் சேர்த்தது.

பின்னர்த் தாழ்வும் வந்தது. எனினும், 2024 ஏப்ரலில் ஷில்லாங்கில் 2-1 என வென்று, ஐ-லீக் பட்டத்துடன் இந்தியன் சூப்பர் லீக்கிற்கு அது உயர்ந்தது.

உலகம் கிண்ணத்தை நினைவில் வைக்கும். அதற்கு முந்திய இரண்டாம் பிரிவு ஆண்டுகளை மறந்துவிடும். சவளக்கடைச் சேற்றில் பந்தைத் துரத்தும் சிறுவன் நினைவிற்கொள்ள வேண்டியவை அந்த ஆண்டுகளே.