பத்தடிக்குப் பன்னிரண்டடி

இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன், வீட்டுக்குப் பின்னால் மரத்தில் ஒரு சமர் ஹவுஸ் போடலாமே மாமா என்று சொல்லிப் படப் புத்தகம் ஒன்றையும் கையில் தந்தார். விலையை விட்டுவிட்டு அளவைப் பார்த்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஊவாவில் லயத்தில் பிறந்தவனுக்கு அது எவ்வளவு இடம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த அளவுக் காம்பராவில்தான் சமைத்தோம், படுத்தோம், கல்யாணப் பேச்சும் முடித்தோம். சீமையில் அதையே சும்மா உட்காரக் கட்டுகிறார்கள். இருக்கட்டும், சும்மா உட்காருகிற வயது எனக்கும் வந்துவிட்டது.

என்ன மரம் போடுவது? தச்சுப் பாஸைக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்கிறார். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு மலிவுதான், மழையில் நின்றால் சீக்கிரம் உளுத்துவிடுமாம். டர்பன்டைன் மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளுமாம். பலாவுக்கு ஈடில்லை. ஆனால் பலாவை வெட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். 1951இல் வந்த சட்டம்.

எனக்கோ நினைப்பெல்லாம் போகொட மரப்பாலத்தில். ஹாலிஎலைப் பக்கம், கல்லந்த ஓயாவுக்கு மேலே, பதுளையிலிருந்து கண்டிக்குப் போன பழைய பாதையில் இருக்கிறது. ஏறத்தாழ ஐம்பதடி நீளம், ஆறடி அகலம். பலாவும் மருதும் கொண்டு, இரும்பாணி இல்லாமல் பொருத்தியது என்கிறார்கள். இரு பக்கமும் மர அழி, செதுக்கிய தூண், மேலே தட்டோடு வேய்ந்த கூரை. பாலத்துக்கு எதற்குக் கூரை? நடந்து களைத்தவன் ஒதுங்க என்று சொல்வார்கள். அது பாதிதான். கூரை இல்லாவிட்டால் ஐப்பசி மழையும் ஆடி வெயிலும் மாறி மாறித் தாக்கிப் பலாவையும் பிளந்திருக்கும். ஆட்களுக்குப் பிடித்த குடையில் மரமும் பிழைத்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகப் பழுது பார்த்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

கட்டிய தச்சனிடம் புத்தகம் ஏதும் இருந்திருக்காது. மருமகனுடைய புத்தகத்திலோ கதவுக்கு எட்டு நிறம் இருக்கிறது, இறவாணம் நாலு விரல்கூட வெளியே நீளவில்லை. எங்கள் மழைக்கு அது பத்து வருஷம் தாங்காது.

ஆகவே நீங்களும் இப்படி ஒன்று போடுவதானால், மரக்காலையில் பேரம் பேசுமுன் இறவாணத்தை மூன்றடி நீட்டச் சொல்லுங்கள். தூணை மண்ணில் புதைக்காமல் கருங்கல்லில் நிறுத்துங்கள், கறையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். அதன்பிறகு சவுக்கே போதும்.