வாவிக்கரைக்கு ஒரு ஜீப்

சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. இடையே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்தில் மட்டக்களப்பு வாவி. காத்தான்குடியில் நின்றால் கிழக்கே கடல், மேற்கே வாவி. முன்பு மண்முனைத் துறையில் வாகனங்களைப் படகுப்பாதைதான் அக்கரை சேர்த்தது. 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. இன்று படகையே ட்ரெய்லரில் ஏற்றி, ஜீப்பில் பூட்டி, இரு கரைக்கும் கொண்டுபோகலாம்.

சகோதரிகளே! அந்த ஜீப் பெரும்பாலும் பாவித்த ஜீப்பாகத்தான் இருக்கும். அதற்காக அடகுக்குப் போவது நமது காப்பும் மாலையுமாக இருக்கலாம். ஆகவே, நாமும் நாலு கேள்வி கேட்போம்.

முகத்துவாரத்தால் கடல்நீர் கலப்பதால் வாவிநீர் உவர்ப்பு. படகு இறக்கிய ஜீப்பின் அடியில் அந்த உப்பு தங்கும். மேலே பூச்சு பளபளக்கும். கீழே இரும்பு உக்கியிருக்கும். கராஜில் உயர்த்தி, அடிச்சட்டத்தையும் பிரேக் குழாய்களையும் பார்த்தார்களா?

பாரம் எவ்வளவு? படகு, எஞ்சின், ட்ரெய்லர் எல்லாம் சேர வேண்டும்; 40 லீற்றர் பெற்றோலே சுமார் 30 கிலோ. வாகனக் கைநூல் சொல்லும் இழுவை அளவுக்குள் அது அடங்குமா?

ஈரச் சரிவில் வழுக்காமல் ஏற நான்கு சக்கர இழுவை வேலை செய்கிறதா?

இழுப்பதைவிட நிறுத்துவதே கடினம். பாரமான ட்ரெய்லருக்குத் தனிப் பிரேக் உண்டா?

நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு நகைப்பெட்டியைத் திறக்கலாம். வாங்கிய பின்னும், கரையிலிருந்து வந்த ஜீப்பின் அடிப்பாகத்தை அன்றே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.