இருபது மணி நேரம்

“கார் கம்பெனியிலயா சேர்ந்திருக்கே?” அம்மா முதலில் கேட்டது அதைத்தான்.

நான் அனுப்பிய படத்தில் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். அதிலிருந்த யூஏடபிள்யூ என்ற எழுத்துகளைக் கூகுளில் போட்டதும் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் என்று வந்ததாம். 1935இல் டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலை ஆட்களுக்காகத் தொடங்கிய சங்கம்தான் ஈக்களை ஆராய்கிற எனக்கும் சங்கம் என்று விளக்க அரை மணி நேரம் பிடித்தது. புரிந்தபின் அடுத்த கேள்வி வந்தது. “படிக்கப் போன இடத்துல உனக்கு எதுக்குடி ஸ்ட்ரைக்கு?”

ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. நாற்பது நாள் நின்றபிறகும் பாதிப் பதில்தான் கிடைத்தது.

2022 நவம்பர் 14, திங்கள்கிழமை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களிலும் சுமார் 48,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். வகுப்பெடுக்கிற, விடைத்தாள் திருத்துகிற மாணவர்கள், ஆய்வுக்கூட மாணவர்கள், முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஆய்வாளர்கள் என எல்லாரும் அதில் இருந்தார்கள். அமெரிக்காவின் உயர்கல்வியில் அதற்குமுன் அத்தனை பெரிய வேலைநிறுத்தம் நடந்ததில்லை. நான் ஒரு வளாகத்தில் (எது என்பது இங்கே வேண்டாம்) பழ ஈக்களை வளர்த்துக்கொண்டிருந்த நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி. எங்களில் பலருக்கும் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 23,000 டாலர். அம்மா அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, பத்தொன்பது லட்சம் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போகிறது என்பதை நான் அவளிடம் சொன்னதில்லை. சங்கம் முதலில் கேட்டது 54,000.

இதில் வேடிக்கை, இருபது என்ற எண். என் நியமன உத்தரவில் ஐம்பது விழுக்காடு வேலை, அதாவது வாரம் 20 மணி நேரம் என்று இருந்தது. மாணவர் விசாவில் வந்தவள் பாடம் நடக்கிற காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது குடியேற்றச் சட்டம். ஸ்ட்ரைக் தொடங்கியதும் சங்கம் வாரம் 400 டாலர் கொடுத்தது. அதற்கு மறியல் வரிசையில் 20 மணி நேரம் நின்று கையெழுத்துப் போட வேண்டும். மூன்று இடத்திலும் இருபது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் நான் இருந்தது வாரம் ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாது. மிச்சம் முப்பது? அது படிப்பு. ஆய்வுக்கென்றே ஒரு பாட எண் உண்டு. ஒவ்வொரு பருவமும் அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதே மேசையில், அதே நுண்ணோக்கியில், அதே ஈயைப் பார்க்கிறேன். எந்த ஈ வேலை, எந்த ஈ படிப்பு என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சும்மா இருக்கும்வரை அந்தக் குழப்பம் எல்லாருக்கும் வசதியாகத்தான் இருந்தது. 2018 வரை கலிபோர்னியாச் சட்டப்படி என்னைப் போன்ற ஆய்வு மாணவர்கள் தொழிலாளர்களே அல்ல. சட்டம் திருத்தப்பட்டு, சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது 2021 டிசம்பரில்தான்.

வகுப்பெடுப்பவர்கள் வேலையை நிறுத்தினால் அது உடனே தெரியும். விடைத்தாள் கட்டுக் கட்டாகக் கிடக்கும், மதிப்பெண் வராது. நான் வேலையை நிறுத்தினால்? என் ஆய்வேடுதான் நிற்கும். ஆய்வுக்கூடத்துக்கு ஆறு வார நட்டம், எனக்கும் அதே ஆறு வார நட்டம். என் வயிற்றில் நானே அடித்துக்கொண்டு முதலாளிக்கு வலிக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற போராட்டம் இது என்று பக்கத்தில் நின்ற வேதியியல்காரன் சொன்னான். சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மறியல் என்றால் ஊரில் நான் பார்த்தது சாலையில் உட்காருவது, போலீஸ் வேன், கல்யாண மண்டபம், சாயங்காலம் விடுதலை. இங்கே உட்காரக் கூடாது. வட்டமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள். முதல் வாரம் முழுக்க அந்தத் தாளம் எனக்குத் தூக்கத்திலும் கேட்டது. எனக்கு மறக்காதது ஒரு பழுப்பு நிற யூபிஎஸ் கூரியர் வண்டி. வாசல்வரை வந்தது, எங்களைப் பார்த்தது, நின்றது. ஓட்டுநர் இறங்கவில்லை. ஒருமுறை ஹார்ன் அடித்துக் கையை உயர்த்திவிட்டு, அத்தனை பெட்டிகளோடும் திரும்பிப் போய்விட்டார். அவர் டீம்ஸ்டர்ஸ் சங்கத்துக்காரர். அடுத்தவர் போட்ட மறியல் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அவர்களிடம் ஊறிப்போன பழக்கம். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கான பெட்டியும் அந்த வண்டியில் இருந்திருக்கலாம். படிக்காத மனிதர் என்று நான் நினைத்துவைத்திருந்த ஒருவர், என் பேராசிரியர்களில் பலருக்குத் தோன்றாத ஒன்றை அரை நிமிடத்தில் செய்துவிட்டுப் போனார். அவர் படிக்காதவர் என்று நானாக ஏன் நினைத்தேன் என்பது வேறு வெட்கம்.

அந்தக் கோட்டை நான் தாண்டினேன். இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், இவ்வளவு சுற்றி வந்திருக்கிறேன்.

பழ ஈக்களை விரற்கடை அகலக் குப்பிகளில் வளர்ப்பார்கள். அடியில் சோள மாவும் ஈஸ்ட்டும் வெல்லப்பாகும் சேர்த்துக் காய்ச்சி உறையவைத்த தீனி, மேலே பஞ்சு அடைப்பு. முட்டையிலிருந்து ஈயாக 25 டிகிரியில் பத்து நாள், 18 டிகிரியில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குளிர்ந்தால் ஈயின் வாழ்க்கை மெதுவாகிவிடும். ஸ்ட்ரைக்குக்கு முந்தின நாள் என் குப்பிகள் அத்தனையையும் புதுத் தீனிக்கு மாற்றி, குளிர் அறையில் அடுக்கிவிட்டு வந்தேன். கலியாணத்துக்குப் போகிறவர்கள் மாட்டுக்கு இரண்டு நாள் வைக்கோலைச் சேர்த்துப் போடுவது மாதிரி. ஸ்ட்ரைக் ஒரு வாரத்தில் முடியும், மிஞ்சினால் இரண்டு என்றார்கள்.

மூன்று வாரம் ஆனது. என் குப்பிகளில் சில நோஞ்சான் வகைகள் உண்டு. தீனி காய்ந்தால் முதலில் செத்துவிடும். அவற்றில் இரண்டு, நான் இரண்டு வருடம் கலப்புச் செய்து உருவாக்கியவை. வேறெங்கும் கிடையாது. உயிருள்ளதைச் சாக விடலாமா என்பதில் எங்கள் வரிசையிலேயே இரண்டு கட்சி இருந்தது. நான் எதிலும் பேசவில்லை.

டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மறியல் கிடையாது, ஆகவே நான் எந்தக் கோட்டையும் தாண்டவில்லை என்று வக்கீல் மாதிரி வாதாடலாம். வழியெல்லாம் அப்படித்தான் வாதாடிக்கொண்டு போனேன். இரவு ஒன்பது மணி. விளக்கைப் போடாமல் கைப்பேசி வெளிச்சத்தில் வேலை செய்தேன். குப்பியை மேசையில் ஒரு தட்டு, ஈக்கள் அடியில் விழும். பஞ்சை எடுத்து, புதுக் குப்பியின் மேல் கவிழ்த்து இன்னொரு தட்டு. ஒன்றுக்குப் பத்து விநாடி. அந்த ‘டக், டக்’ சத்தம் காலியான கட்டடத்தில் அப்படிக் கேட்டது. அறுபது குப்பி போன பிறகு அடுத்த அறையில் அதே சத்தம் கேட்டது. டக், டக். அங்கேயும் விளக்கில்லை. யாரென்று நான் போய்ப் பார்க்கவில்லை. அவரும் வரவில்லை. மறுநாள் காலை வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எல்லாரும் சத்தமாகத்தான் கோஷம் போட்டார்கள்.

இதைப் பேராசிரியரிடமும் சொல்லவில்லை, சங்கத்திலும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். ஸ்ட்ரைக்கே வேண்டாம் என்றவள், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “கருங்காலின்னு ஒரு வார்த்தை உண்டுல்ல?” என்றாள். “2003 ஜூலையில எங்க ஸ்கூல்ல அது என் பேரு.”

அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. அந்த ஜூலையில் தமிழகத்தில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்ததும், சுமார் 1,70,000 பேர் ஒரேயடியாக வேலையை இழந்ததும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். அப்போது எனக்கு ஏழு வயது. அம்மா தினமும் பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வெளியே நின்றவர்களில் ஒருவர், அவள் கூடவே டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொண்ட டீச்சர். பெரும்பாலானோரைப் பிறகு வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். அந்த டீச்சரும் வந்தார். ஆனால் அதன்பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. “உன் ஸ்கூல் பீஸு கட்டணும்னு போனேன்” என்றாள் அம்மா. காரணம் சொல்கிற குரல் இல்லை அது. நானும் ஈக்களைக் காரணமாகச் சொல்வதை அன்றோடு விட்டேன்.

ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டம் முடித்த ஆய்வாளர்கள் நவம்பர் இறுதியிலேயே தனியாக உடன்பட்டு, டிசம்பர் நடுவில் வேலைக்குத் திரும்பினார்கள். வரிசை மெலிந்தது. எங்கள் பேச்சுவார்த்தைக் குழுவிலேயே பெரிய பிளவு வந்தது. விலைவாசி உயர உயரச் சம்பளமும் தானாக உயர வேண்டும் என்ற கோரிக்கையைக் கைவிட்டார்கள் என்பதுதான் சண்டை. அந்தக் கோரிக்கையை விளக்கியபோது மட்டும் அம்மா ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். “அகவிலைப்படிதானே? அதுகூடவா அங்க இல்ல? இங்க வருசத்துக்கு ரெண்டு தடவ போடுவாங்களே!” உலகத்தின் பணக்கார மாநிலங்களில் ஒன்றை ஓர் ஓய்வுபெறப்போகும் ஆசிரியை பரிதாபத்தோடு பார்த்த தருணம் அது.

டிசம்பர் 23 அன்று வாக்கெடுப்பு முடிந்தது. ஆய்வு மாணவர்களில் சுமார் 68 விழுக்காட்டினர் ஒப்பந்தத்துக்குச் சரி என்றார்கள். நான் வேண்டாம் என்று போட்டேன். 2024 அக்டோபருக்குள் குறைந்தபட்சச் சம்பளம் 34,000 டாலருக்குச் சற்று மேலே போகும், சில நகரங்களில் இன்னும் கொஞ்சம் கூடும். சின்ன விஷயமில்லை. என்னைவிடக் கஷ்டத்தில் இருந்தவர்கள் சரி என்று போட்டதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் நாற்பது நாளில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: என் வேலைக்கும் படிப்புக்கும் நடுவே எங்கே கோடு என்று கேட்பது. அந்தக் கேள்வியை அந்த ஒப்பந்தம் தொடவேயில்லை.

பிறகு ஒரு படிவம் வந்தது. வேலைநிறுத்த நாட்களில் எத்தனை மணி நேரம் வேலை செய்யவில்லை என்று நாமே எழுதித் தர வேண்டும். சம்பளத்தில் பிடிப்பதற்காக. வாரத்துக்கு இருபது என்று எழுதினேன். மூன்றாவது வாரத்துக்கு மட்டும் பதினெட்டு என்று எழுதி, அடித்து, மறுபடி இருபது என்று எழுதினேன். அந்த ஞாயிறு இரவு படிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

சொன்னபடி 2024 அக்டோபரில் சம்பளம் ஏறியது. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். ரூபாயில் பெருக்கவில்லை.

“அகவிலைப்படி?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.