தேய்மானம் கற்பித்த பாடம்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியர் இலக்கணம் பற்றியே எழுதுவார் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமோ ஒரு லொறியின் எஞ்சினைப் பற்றி எழுதத் துணிந்தோம். அன்பர்கள் பொறுத்தருள்க. அறியாத பொருளிலே தீர்ப்புக் கூறலாகாது என்னும் பாடத்தை எமக்குக் கற்பித்தது அந்த லொறியே.

எம் ஊர் கொக்கிளாய். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலே, கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடப்பது. 1951இல் சரணாலயமாக்கப்பட்ட அக்களப்பிலே கொக்கும் நாரையும் இரை தேடும். ஊரார் மீனுக்கும் இறாலுக்கும் வலை வீசுவர். 1984 மார்கழியிலே ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எமக்கு மூன்று வயது. 2009இல் போர் முடிந்து, காலப்போக்கில் ஊர் திரும்பியோர் மீண்டும் தொழில் தொடங்கினர். எம் மைத்துனர் மீன் ஏற்றுதற்குப் பழைய லொறியொன்றை வாங்கினார். அவர் தமக்கையாகிய எம் இல்லாளின் நகைகள் அதற்காக அடகு சென்றன. ஐஸ் இட்ட மீன் விடியுமுன் சந்தை சேர்தல் வேண்டும். ஐஸ் எவருக்காகவும் காத்திராது.

2021ஆம் ஆண்டிலே லொறி நோயுற்றது. காலையில் இலகுவில் இயங்க மறுத்தது. ஏற்றத்திலே இளைத்தது. பின்னால் நீலப் புகை தள்ளியது. இரண்டு நாட்களுக்கொருமுறை ஒயில் ஊற்ற வேண்டியதாயிற்று. “அத்தான், எஞ்சினை முழுக்கக் கழற்றிச் செய்யிறதோ, றிங்கை மட்டும் மாத்திறதோ? நீங்கள் சொல்லுங்கோ” என்றார் மைத்துனர். யாம் படித்தவர் என்னும் ஒரே காரணத்தால் அவர் எம்மைக் கேட்டார். அதே காரணத்தால் யாமும் விடையளித்தோம். றிங்கை மட்டும் மாற்றினாற் போதும், செலவு சுருங்கும் என்றோம்.

ஒரு திங்கள் கழியவில்லை. நள்ளிரவிலே, நடுக்காட்டு வீதியிலே, எஞ்சின் ‘டக் டக்’ என அடித்து நின்றது. பெட்டியிலிருந்த மீன் முழுவதும் பழுதாயிற்று. அம்மீன் மைத்துனருடையது மட்டுமன்று. படகுக்காரர் பலர் நம்பி ஏற்றிவிட்டது. அவர்களுக்குக் கொடுக்கவே கையிருப்பு முடிந்தது. லொறி மாதக்கணக்கில் வளவிலே கிடந்தது.

பின்னர் முதியவர் ஒருவரின் பட்டறைக்கு அதனை இழுத்துச் சென்றோம். அவர் 1990களில் வன்னியிலே தொழில் பயின்றவர். எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. பெற்றோல் கார்களைச் சில துளி பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினர். எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைக் கடந்து கீழிறங்கி, ஒயிலை நீர்க்கச் செய்து, பெயாரிங்குகளைத் தின்றது. புதியது கிடையாத நாளிலே பழகியவராயினும், அவர் பழையதன்மேல் மோகம் கொண்டவரல்லர்.

எஞ்சினைத் திறந்து, சிலிண்டரின் உள்ளே விரலை வைக்குமாறு எம்மைப் பணித்தார். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நுண்ணிய படியொன்று தட்டுப்பட்டது. மேல் றிங் ஏறி நிற்கும் இடத்திலே வெப்பமும் அழுத்தமும் மிகுதி, ஒயிலோ குறைவு. ஆகையால் அவ்விடத்துச் சுவர் மிகத் தேய்கிறது. அதற்கு மேலே றிங் செல்லாமையால் சுவர் தேயாது நின்று படியாகிறது. பழைய றிங் சுவரோடு சேர்ந்து தேய்ந்தமையால் அப்படியில் இடிபடாது ஓடியது. கூரிய விளிம்புடைய புது றிங்கோ படியில் மோதி உடைந்தது. உடைந்த துண்டுகள் சுவரைக் கீறின.

“மாஸ்ரர், புது றிங்கிலை பிழையில்லை. பழைய சுவரை அளக்காமல் போட்டதுதான் பிழை” என்றார். அப்பிழை எம்முடையது என மைத்துனர் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. நிலத்தையே நோக்கி நின்றார்.

அது 2022ஆம் ஆண்டு. வாகன இறக்குமதி 2020 பங்குனியிலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. பாவித்த யப்பான் எஞ்சின் ஒன்றுக்குக் கூறிய விலை எம்மை மலைக்கச் செய்தது. மைத்துனரோ முன்னைய அனுபவத்தால் அஞ்சி, கடன்பட்டாயினும் எஞ்சினையே மாற்றுவோம் என்றார். யாம் இம்முறை வாய் திறந்திலோம். “அதையும் திறந்து பாக்காமல் உள்ளுக்கு என்ன கிடக்குதெண்டு ஆர் சொல்லுறது? முதலிலை இதை அளப்பம்” என்றார் முதியவர்.

ஒரு மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கைக் காட்டும் கருவிகளால் அன்று முழுவதும் அளந்தார். சிலிண்டர் ஒவ்வொன்றையும் மேலும் நடுவும் கீழுமாக, நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்தார். பின்பு உறுப்புகளைச் சாக்கின்மேல் மூன்று குவியலாக வகுத்தார். றிங், பெயாரிங், காஸ்கெட், ஒயில் சீல் என்பன முதற்குவியல். திறந்தபின் இவற்றை மீண்டும் இடலாகாது. சில எஞ்சின்களின் சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்துப் பெரிய பிஸ்ரன் இடலாம். இதன் லைனர்களோ உட்புறம் குரோமியம் பூசப்பெற்றவை, கடைதல் ஆகாது. ஆதலின் லைனர்களும் பிஸ்ரன்களும் அக்குவியலையே சேர்ந்தன. வால்வுகளும் ஹெட்டும் இரண்டாங் குவியல். அவை லேத்துப் பட்டறையிலே செப்பனிடத் தக்கவை.

எஞ்சியது கிராங்க் தண்டு. அதன் மேற்றோல் கடினப்படுத்தப்பட்டது. தேய்த்துக் குறைத்தால் அக்கடினம் போய்விடும். எல்லை கடந்து தேய்ந்திருப்பின் வழியில்லை. அவர் அளந்து முடிக்கும்வரை மைத்துனர் அவ்விடம் விட்டு அசைந்திலர். அளவு எல்லைக்குள்ளேயே நின்றது. “கிராங்க் போயிருந்தால் வேறை எஞ்சினைத்தான் பாக்கச் சொல்லியிருப்பன்” என்று கூறி, அதனை மூன்றாங் குவியலிலே, பிளொக்கின் அருகே வைத்தார். பாவித்த எஞ்சினுக்குக் கேட்ட விலையில் மூன்றிலொரு பங்கோடு வேலை முடிந்தது.

பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்றவர் யாம். மாணவன் எதை அறிவான், எதை அறியான் எனச் சோதித்தபின்பே கற்பித்தல் வேண்டும் என்பது கலாசாலையில் யாம் பயின்ற முதற்பாடங்களுள் ஒன்று. ஆயினும் ‘இவன் தேறான்’ என எத்தனை பிள்ளைகளை முகத்தைப் பார்த்தே ஒதுக்கினோம்! எத்தனை பேருக்குப் பழைய குறையை ஆராயாது புதிய பாடத்தைத் திணித்தோம்! அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அதன்பின் ஒவ்வோராண்டும் முதலாந் தவணையின் முதல் வாரத்தை யாம் அளத்தற்கே ஒதுக்குகின்றோம்.

லொறி இன்றும் ஓடுகின்றது. அடகு வைத்த நகைகளுள் பாதி மீண்டுவிட்டன. மைத்துனர் இப்பொழுதும் எம்மிடம் ஆலோசனை கேட்பதுண்டு. எஞ்சினைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அது நியாயமே.