இரண்டாம் படி வேதனை

பக்க விளைவு என்னும் சொல் மருத்துவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்து உருவான சொல். அவருக்கு எதிரே நிற்பது நோய். மருந்தினால் வரும் துன்பம் சற்று ஒதுங்கிப் பக்கத்தில் நிற்கிறது. நோயாளியின் கட்டிலிலிருந்து பார்த்தாலோ, பல நாட்களில் அந்தப் பக்க விளைவே எதிரே வந்து நிற்கிறது. முதல் வெள்ளிதோறும் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் பங்குக் குருவுக்கு இது நன்கு தெரியும். இரத்தப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெறுவோர் என் பங்கில் நால்வர். அவர்கள் என்னிடம் சொல்வதும் மருத்துவரிடம் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை.

அவர்களுள் ஒருவர் பூக்கட்டிப் பிழைப்பவர். நிணநீர்ச் சுரப்பிகளில் புற்றுநோய். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறையாக ஆறு சுற்று மருந்து ஏற்ற வேண்டும். அம்மருந்துகளுள் ஒன்று வின்கிறிஸ்டின். நம் கல்லறைத் தோட்டங்களில் யாரும் நீரூற்றாமலே பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, அந்தச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. அமெரிக்காவில் 1963இல் அனுமதி பெற்றது. உயிரணு இரண்டாகப் பிரிவதற்குத் தேவையான நுண்குழல்களை இம்மருந்து சிதைக்கிறது. அதனால் புற்றணு பெருக முடிவதில்லை. ஆனால் நீண்ட நரம்பு இழைகளும் தமக்கு வேண்டியவற்றைக் கடைக்கோடி வரை கொண்டு செல்ல அதே வகைக் குழல்களையே நம்பியிருக்கின்றன. ஆகவே கால்விரல்களும் கைவிரல்களும் மரத்துப் போகின்றன.

மூன்றாம் சுற்றுக்குப் பின் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: “நாரு விரல்ல இருக்கா இல்லையான்னே தெரியல சாமி. கண்ணால பாத்துத்தான் முடிச்சுப் போடுறேன்.” டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். “எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு. பரவாயில்லைன்னுட்டேன். சொன்னா மருந்த நிறுத்திட்டாங்கன்னா?”

அச்சம் பாதி, மற்றப் பாதி நன்றியுணர்வு. உயிரைக் காப்பவரிடம் விரலைப் பற்றிக் குறை சொல்வதா என்ற கூச்சம். இந்தப் ‘பரவாயில்லை’ நம் மக்களிடையே ஒரு நற்பண்பாகவே வளர்க்கப்பட்டுள்ளது. அதை வளர்த்ததில் எங்கள் மறையுரைகளுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். பொறுமை வேறு, மறைத்தல் வேறு.

சரி, அவர் சொல்லியிருந்தால் அது எப்படி எழுதப்பட்டிருக்கும்? அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1980களில் உருவாக்கி, பின்னர் பலமுறை திருத்தி வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. புற்றுநோய் மருந்தாய்வுகளில் உலகெங்கும் பயன்படுவது அதுவே. ஒவ்வொரு துன்பத்துக்கும் ஐந்து படிகள். முதலாம் படி இலேசானது. ஐந்தாம் படி மரணம். நரம்புணர்வுக் கோளாறு சமையல், கடைக்குப் போதல், பணத்தைக் கையாளுதல் ஆகியவற்றுக்கு இடையூறு செய்தால் இரண்டாம் படி. குளிக்கவும் உடுக்கவும் உண்ணவும் முடியாமல் செய்தால் மூன்றாம் படி. பூக்கட்டுவதைப் போன்ற பிழைப்புத் தொழில் அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. எனவே அந்த அம்மாவின் விரல்கள் இரண்டாம் படி. மருந்தாய்வு அறிக்கைகளின் அட்டவணைகளோ பெரும்பாலும் மூன்றாம் படிக்கு மேற்பட்டவற்றையே முன்னிறுத்துகின்றன.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் மிகவும் கீழே இறங்கினால் அது நான்காம் படி. தொற்று நோய்க்குக் கதவு திறந்துவிட்ட நிலை அது. மருத்துவர் பதறுவது நியாயமே. ஆயினும் காய்ச்சல் வராதவரை நோயாளிக்கு அது தெரியவே தெரியாது. மேலும், இரத்தப் புற்றுநோயில் அணுக்கள் குறைந்தது மருந்தாலா, எலும்பு மஞ்ஞையை நிறைத்துவிட்ட நோயாலா என்று பிரித்தறிவதும் எளிதன்று. உணராதது அட்டவணையின் உச்சியில் இருக்க, ஒவ்வொரு முடிச்சிலும் உணர்வது அடியில் கிடக்கிறது.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, ஒப்புரவு கேட்கும் குரு குற்றத்தின் வகையை மட்டுமன்றி, எத்தனை முறை, எந்தச் சூழலில் என்பவற்றையும் அறிய வேண்டும் என்று கற்பித்தார்கள். இந்த அளவுகோல் ‘எவ்வளவு கடுமை’ என்று கேட்கிறது. ‘எத்தனை நாள்’ என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு நாட்பட்ட வெள்ளணுப் புற்றுநோய். 2001இல் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரையைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் உண்டு வருகிறார். அம்மாத்திரை இல்லையேல் அவர் இன்று இல்லை. காலையில் இமை வீக்கம், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, நாளுக்கு இரண்டு முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு. எல்லாம் முதலாம் படி. பன்னிரண்டு ஆண்டு முதலாம் படி! திருமணம், திருவிழா என்று பேருந்தேறும் நாட்களில் அவர் மாத்திரையை விழுங்குவதில்லை, மனைவிக்கும் தெரியாது. (ஒப்புரவில் கேட்டதன்று, திண்ணையில் சொன்னது. எழுதவும் இசைந்தார்.) இம்மருந்தைத் தவறவிடுவோருக்கு நோய் அடங்குவது குறைகிறது என்று 2010இல் வெளிவந்த இலண்டன் ஆய்வு காட்டியது. ‘இலேசானது’ என்று ஒதுக்கப்பட்ட வயிற்றுப்போக்கு இவ்வாறு உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

இக்குறையை மருத்துவ உலகம் அறியாமல் இல்லை. 2018இல் லான்செட் ஹெமட்டாலஜி இதழ் அமைத்த வல்லுநர் குழு, இரத்தப் புற்றுநோய்களில் உச்சப் படியை மட்டும் எழுதி நிறுத்துவது போதாது, துன்பம் நீடிக்கும் காலத்தையும் நோயாளியின் சொந்தச் சொல்லையும் பதிய வேண்டும் என்று விரிவாக வாதிட்டது. எழுதி வைத்தால் என்ன பயன் என்பதற்குப் போர்டெசோமிப் சான்று. எலும்பு மஞ்ஞையில் வரும் மைலோமா நோய்க்கு 2003 முதல் சிரைவழி ஏற்றப்பட்ட இம்மருந்து நரம்புகளை மிகவும் வாட்டியது. அதையே தோலுக்கடியில் செலுத்தியபோது நரம்புக் கோளாறு கண்டவர்கள் நூற்றுக்கு 53இலிருந்து 38ஆகக் குறைந்தனர். நோய் அடங்குவதில் குறைவில்லை. 2011இல் வெளிவந்த முடிவு இது. வேறு உறுப்புகளில் தோன்றிப் பரவிய புற்றுநோயுடைய 766 பேரிடம் நியூயார்க்கில் நடந்த ஆய்வொன்றில், தம் துன்பங்களைத் தாமே ஒழுங்காகத் தெரிவித்து வந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26. சொல்வதே மருந்தின் ஒரு பகுதியாயிற்று.

நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? மதமதப்பு, குடைச்சல், குத்தல், உளைச்சல், எரிச்சல், விறுவிறுப்பு என்று எத்தனை! இவற்றை மருத்துவமனை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு ‘பரவாயில்லை’யை மட்டும் உள்ளே எடுத்துச் செல்கிறோம்.

நம் நாட்டில் 2010இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் தரநூல் ஆணையத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. நோயாளியோ உறவினரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். தமிழிலும் படிவம் உண்டு. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. மருந்தால்தான் வந்தது என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை, ஐயம் இருந்தாலே போதும். மருத்துவர்மீது கொடுக்கும் புகார் அன்று அது என்பதைப் பலருக்கு நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

பூக்கட்டும் அம்மா நான்காம் சுற்றுக்குச் சென்றபோது, கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினாள்: எந்த விரல், எந்த நாள் முதல், எந்த வேலை முடியவில்லை. மருத்துவர் படித்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக் காட்டச் சொன்னாராம். வின்கிறிஸ்டின் அளவைக் குறைத்தார்; மற்ற மருந்துகள் அப்படியே தொடர்ந்தன. ஆறு சுற்றும் முடிந்து எட்டு மாதமாகிறது. வலக்கையில் உணர்வு பெரும்பாலும் திரும்பிவிட்டது; இடக்கைச் சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறதாம். அதையும் எழுதி வைத்திருக்கிறாள் மகள்.