தலைக்குள் வரும் பருக்கள்

முகத்தில் ஒரு பரு வந்தால் வீட்டில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். தலைமயிருக்குள் வந்தால் நாம் ஒருவருக்கும் சொல்வதில்லை. பேன், அழுக்கு என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். எனக்குப் பத்து வருடங்களாக இந்தத் தொல்லை உண்டு. வேலைக்காகக் கிராமங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். வெயில் காலத்தில் ஹெல்மெட்டுக்குள் வியர்வை தேங்கினால் பிடரிக்கு மேலே நாலைந்து பருக்கள் சீழ் வைத்துவிடும். இரவில் தலையணையில் தலை வைக்க முடியாது.

மயிர் முளைக்கும் சிறு குழிகளில் ஏற்படும் அழற்சியே இது என்று தோல் வைத்தியர் விளங்கப்படுத்தினார். தோலில் எப்போதும் இருக்கும் பக்டீரியாவும் ஒருவகைப் பங்கசும், வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தங்கும் இடத்தில் பெருகுகின்றன. சொடுகுக்கும் அந்தப் பங்கசுக்கும் தொடர்புண்டு. எண்ணெய்தான் அதற்கு உணவு. ஆகவே பரு இருக்கும்போது எண்ணெய் வைத்து ஊறவிடுவது நல்லதல்ல. இதைச் சொன்னால் எங்கள் அம்மாமாருக்குக் கோபம் வரும். வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்கை அடியோடு விடச் சொல்ல எனக்கும் மனமில்லை. பரு ஆறும்வரை தள்ளிவையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு எழுதித் தந்தது கீட்டோகொனசோல் ஷம்போ. கிழமைக்கு 2 தடவையாக 4 கிழமைகள். பூசியவுடன் கழுவாமல் 5 நிமிடம் விட வேண்டும். குறைந்த பின்னர் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பாவிக்கிறேன். திரும்பத் திரும்ப வருவது நன்றாகக் குறைந்துவிட்டது. ஈரத்தலையைக் கொண்டை போடுவதில்லை. ஹெல்மெட்டுக்குள் ஒரு பருத்தித் துணி கட்டி அதைத் தினமும் தோய்க்கிறேன். தலையணை உறையும் சீப்பும் அப்படித்தான்.

வறட்சி மாதங்களில் பவுசர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் போய் இதையெல்லாம் சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கும். நீண்ட மயிர் முழுவதையும் அலச முடியாவிட்டால், வகிடு பிரித்துத் தோலை மட்டுமாவது நனைத்துக் கழுவலாம்.

நகத்தால் நசுக்க வேண்டாம். மயிர்க்குழி அழிந்து தழும்பானால் அந்த இடத்தில் மயிர் திரும்ப முளைக்காது. காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், பரு இருந்த இடம் வழுக்கையாதல் என்றால் அரச ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். காசு தேவையில்லை.

எங்களுக்கு இன்னொரு விடயமும் உண்டு. முல்லைத்தீவுப் பக்கத்தில் ஓர் அக்கா உச்சிக்கு அருகே இருந்த கட்டியை மாதக்கணக்காக மறைத்து வைத்திருந்தார்.

"பிள்ளை, அது 2009இல பட்ட செல் துண்டு கிடக்கிற இடம். தன்பாட்டில வெளியில வரட்டும் எண்டு ஊசியால குத்தி விடுறனான்" என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போகேல்லை அக்கா?"

"காயம் எப்பிடி வந்தது எண்டு கேப்பினமெல்லே?"

நானும் கூடப் போனேன். எத்தனை மாதமாக இருக்கிறது, காய்ச்சல் உண்டா என்பதைத்தான் வைத்தியர் கேட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். துண்டு அசையாமல் கிடந்தது. அதன் மேலிருந்த தோலில்தான் கிருமி தொற்றியிருந்தது. திரும்பத் திரும்பக் கட்டி வந்ததால் இரத்தமும் சோதித்தார்கள். சீனி கூடுதலாக இருந்தது, அது அவருக்கே தெரியாது. மருந்தில் கட்டி ஆறிவிட்டது. துண்டை இப்போது எடுக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாதாமாதம் சீனிக் கிளினிக்குக்கு அவர் தனியாகவே பஸ் ஏறிப் போய் வருகிறார்.